மழை கொண்டுபோன சொந்த மைதானம்

2015 டிசம்பர் 12 அன்று புணே நகரின் பாலேவாடி மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் அரையிறுதி ஆட்டம் ஒன்று நடந்தது. மோதியவை சென்னையின் எஃப்சியும் அட்லெடிகோ டி கொல்கத்தாவும். அட்டவணைப்படி அது சென்னை அணியின் சொந்த மைதான ஆட்டம். ஆனால், அந்த அணியின் மைதானம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சென்னை பெரியமேட்டில் இருந்தது. நகரமோ அப்போதுதான் வெள்ளத்திலிருந்து தலைதூக்கிக்கொண்டிருந்தது. புணேயில் சென்னை அணி 3-0 என்று வென்றது. எட்டு நாள்களில் கோப்பையும் கைக்கு வந்தது.

இந்தக் கதை, வெள்ளத்தால் துவண்ட நகரத்துக்கு ஓர் அணி வழங்கிய ஆறுதல் பரிசு என்றே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அது பொய்யல்ல. எனினும், அந்தப் பருவத்தைச் சற்று விரித்துப் பார்த்தால் வேறு சில கேள்விகளும் எழுகின்றன. ஓர் அணி ஓர் ஊருக்குச் சொந்தமாவது எதனால்? வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் இந்த மண்ணில் ஒரு கால்பந்துத் தொடரை நடத்துவதென யார், எதற்காக முடிவுசெய்தார்கள்?

முதலில் ஆட்டக் கதை. 2014இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய லீக்கில், அபிஷேக் பச்சன், மகேந்திர சிங் தோனி, வீட்டா டானி ஆகியோரை உரிமையாளர்களாகக் கொண்டு சென்னை அணி உருவானது. பயிற்சியாளராக வந்தவர் இத்தாலியின் மார்கோ மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜினடின் ஜிடேன் தலையால் முட்டிச் சாய்த்த அதே மாட்டராஸிதான். அந்த ஆட்டத்தில் இத்தாலியின் கோலை அடித்தவரும் அவரே என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதல் ஆண்டில் அவர் ஆடவும் செய்தார், பயிற்சியும் அளித்தார். அணி லீக் சுற்றில் முதலிடம் பிடித்து, அரையிறுதியில் கேரள பிளாஸ்டர்ஸிடம் தோற்றது.

அந்தத் தோல்வியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் 0-3 என்று சென்னை தோற்றிருந்தது. அரையிறுதியில் இரு அணிகளும் தத்தம் ஊரில் ஒருமுறை ஆடும். இரு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டியே வெற்றி முடிவாகும். மூன்று கோல் பின்தங்கிய நிலையில் ஊர் திரும்பிய அணி, நேரு விளையாட்டரங்கில் தன் மக்களுக்கு நடுவே 90 நிமிடங்களில் மூன்று கோல் போட்டுக் கணக்கைச் சமன்செய்தது. கூடுதல் நேரத்தில், 117ஆவது நிமிடத்தில், கேரளத்தின் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒற்றைக் கோல் அத்தனையையும் வீணாக்கியது. சொந்த மைதானம் ஓர் அணியை எவ்வளவு தூரம் தூக்கிவிடும் என்பதற்கு அன்றைய இரவே சான்று.

அடுத்த பருவம் 2015 அக்டோபர் 3 அன்று சென்னையிலேயே தொடங்கியது. தொடக்க ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் 2-3 என்று தோல்வி. அதன் பின்னும் தடுமாற்றம் தொடர்ந்தது. நவம்பர் நடுவில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு ஏற்பட்ட மாற்றம் இந்தியக் கால்பந்தில் அரிதானது. எஞ்சியிருந்த நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று, 14 ஆட்டங்களில் 22 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்துக்கு ஏறியது அணி. கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல்களுடன் தொடரின் முதல் கோல் வேட்டையர் ஆனார். மிசோரமின் ஜெஜே, மணிப்பூரின் தோய் சிங், காஷ்மீரின் மெஹ்ராஜுதீன் வாடூ, பிரேசிலின் எலானோ, பிரான்ஸின் பெர்னார்ட் மெண்டி என்று பல திசைகளிலிருந்து வந்தவர்களின் கூட்டு அது. உள்ளூர்ப் பெயர்கள் சொற்பம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊர் என்ற கேள்விக்கு வரும்போது இது தேவைப்படும்.

இந்த ஏற்றமும் வானிலையின் சீற்றமும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தன. 2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. ஏரிகள் எல்லாம் நிரம்பியிருந்த நிலையில், டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. வெள்ளம் என்றதும் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டதே நினைவுக்கு வருகிறது. ஆனால், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில் நடந்தது வேறு. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. அதற்கு மேலேயே இருக்கும் முடிச்சூரையும் பெருங்களத்தூர்ப் பகுதியையும் மூழ்கடித்தது, ஆதனூர், மண்ணிவாக்கம் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வழிந்த ஏரிகளின் நீர். ஏரி மாவட்டம் என்று பெயர்பெற்ற மண்ணில், ஏரிகளுக்கு இடையிலான கால்வாய்களை மறந்துவிட்டு வீட்டு மனைகளை அளந்ததன் விளைவு.

சென்னை விமான நிலையம் டிசம்பர் 6 வரை மூடப்பட்டது. ஊழியர்கள் மறைமலை நகரில் உள்ள அச்சகத்தை அடைய முடியாததால், ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் வெளிவரவில்லை. 1878இல் தொடங்கப்பட்ட அந்த இதழுக்கு இயற்கைச் சீற்றத்தால் அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. நூற்றுக்கணக்கான உயிர்கள் பறிபோயிருந்தன. காவல் துறையும் மாநகராட்சியும் மீட்புப் பணியில் மூழ்கியிருந்தபோது ஒரு கால்பந்து ஆட்டத்துக்குப் பாதுகாப்புக் கேட்பதே அபத்தம். ஆட்டம் புணேக்கு மாற்றப்பட்டதில் தவறேதும் இல்லை.

புணேயில் புரூனோ பெலிசாரி, ஜெஜே, மெண்டோசா ஆளுக்கொரு கோல் அடித்தனர். நான்கு நாள் கழித்துக் கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றபோதும், மொத்தக் கணக்கில் 4-2 என்று சென்னை இறுதிக்கு முன்னேறியது. டிசம்பர் 20 அன்று மட்காவின் ஃபடோர்டா மைதானத்தில் நடந்த இறுதியும் வேற்றூர் ஆட்டமாகவே அமைந்தது. எதிரணி ஜீகோ பயிற்சியளித்த எஃப்சி கோவா. பெலிசாரி எடுத்த பெனால்டியை கோவா கோல்கீப்பர் கட்டிமணி தடுக்க, திரும்பி வந்த பந்தை பெலிசாரியே வலைக்குள் தள்ளினார். சில நிமிடங்களில் ஹாவோகிப் சமன்செய்தார். 87ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்த ஃப்ரீ கிக்கில் கோவா முந்தியது. அரங்கம் கொண்டாடத் தொடங்கிவிட்டது. 90ஆவது நிமிடத்தில் கட்டிமணியின் கை பட்டு பந்து அவருடைய வலைக்குள்ளேயே போனது. நம் ஊர்ப் பேச்சில் சேம் சைடு கோல். அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் மெண்டோசாவின் கோல். 3-2. அந்தப் பருவத்தில் கட்டிமணிக்காக வருந்தாத கால்பந்து ரசிகர் சென்னையிலும் இருந்திருக்க மாட்டார்.

ஆக, சொந்த மைதானம் இல்லாமலேயே அணி கோப்பையை வென்றுவிட்டது. அப்படியானால் மைதானம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். வெற்றிக்கு அது கட்டாயமில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், 2014இல் தோற்ற அந்த அரையிறுதியைச் சென்னையில் நேரில் கண்டவர்கள் இருக்கிறார்கள். 2015இல் வென்ற அரையிறுதியை ஊரில் இருந்தபடி நேரில் கண்டவர் எவரும் இல்லை. தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ மின்சாரம் திரும்பிய வீடுகளில் சிலர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கக்கூடும். மற்றவர்கள் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அணியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘சென்னையின்’ என்பதை நாம் உடைமைப் பொருளில் வாசிக்கிறோம். சென்னையினுடைய எது என்பதைச் சொல்லாமல் விட்ட பெயர் அது. நம் இலக்கணத்தில் ‘இன்’ என்பது ஐந்தாம் வேற்றுமை உருபும்கூட. நீங்கல் பொருளைத் தருவது. ‘மலையின் வீழ் அருவி’ என்றால் மலையிலிருந்து விழும் அருவி. அந்த டிசம்பரில் அணியின் பெயர் இந்த இரண்டாவது பொருளிலேயே உண்மையாயிற்று.

மழையை யாரும் தடுக்க முடியாது. அட்டவணையை மனிதர்களே எழுதுகிறார்கள். 2014 முதல் 2016 வரை சூப்பர் லீக், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான குறுகிய தொடராக நடந்தது. அப்போது நாட்டின் முதன்மைத் தொடராக இருந்த ஐ-லீக்குக்கு ஆண்டின் தொடக்க மாதங்களை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் அந்த மூன்று மாதங்கள் இதமானவை. சோழமண்டலக் கடற்கரைக்கு மட்டும் அவை ஐப்பசியும் கார்த்திகையும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இங்கே அந்தக் காலத்தில்தான் கொட்டுகிறது. இந்தியா முழுவதற்கும் மழைக்காலம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் என்ற எண்ணம் அலுவலக மேசைகளில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. 2017-18 முதல் தொடர் நவம்பரிலிருந்து மார்ச் வரை நீண்டபோது நிலைமை ஓரளவு சீரானது. அந்தப் பருவத்திலும் சென்னை அணியே கோப்பையை வென்றது. அந்த அணியின் நடுக்களத்தில் வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் இருந்தார் என்பது கூடுதல் மகிழ்ச்சி.

மாட்டராஸியின் நாட்டில் ஓர் அணிக்கும் ஊருக்கும் உள்ள உறவைக் குறிக்க ‘காம்பனிலிஸ்மோ’ என்ற சொல் உண்டு. ஊர்த் தேவாலயத்தின் மணிக்கூண்டு மீதான பற்று என்பது அதன் வேர்ப்பொருள். எலாஸ் வெரோனா என்ற அணி 1984-85 பருவத்தில், ஓஸ்வால்டோ பாக்னோலியின் பயிற்சியில், யுவெண்டஸையும் மிலான் நகரின் பெரிய அணிகளையும் பின்தள்ளி இத்தாலியின் சாம்பியன் ஆனது. அதன் வரலாற்றில் ஒரே ஒருமுறை. ஐந்தே ஆண்டுகளில் அது இரண்டாம் நிலைக்குச் சரிந்தது; அதற்கடுத்த ஆண்டு நிதி நெருக்கடியில் நிறுவனமே முடங்கியது. ஆனால், ஊர்க்காரர்கள் அதே பெந்தெகோதி அரங்கத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள், அணி மீண்டது. அந்த அரங்கமும் அணிக்குச் சொந்தமானதல்ல, மாநகராட்சிக்குச் சொந்தம். நேரு விளையாட்டரங்கம் அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தினுடையது என்பதை ஒரு பலவீனமாகச் சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். யார் பெயரில் பட்டா இருக்கிறது என்பதைவிட, பருவந்தோறும் அதே இடத்தில், அதே நாள்களில் ஆட்டம் நடக்கிறதா என்பதே முக்கியம்.

சென்னை அணிக்கு அந்தத் தொடர்ச்சி மீண்டும் மீண்டும் அறுந்திருக்கிறது. கரோனா காரணமாக 2020-21, 2021-22 பருவங்கள் முழுவதும் கோவாவில் நடந்தன. 2025 ஜூலையில், லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட்டில் சென்னை அணி தன் பணிகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது. 2015இல் மழை செய்ததை பத்து ஆண்டு கழித்துக் காகிதங்கள் செய்தன. வெள்ளமாவது ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது.

இதற்கிடையே நகரத்தின் எடை தெற்கே நகர்ந்திருக்கிறது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. மாமல்லபுரத்தில் எஃப்சி மெட்ராஸ் என்ற உறைவிடக் கால்பந்துப் பயிற்சியகம், சிறுவர்களைத் தங்கவைத்துப் படிப்புடன் ஆட்டத்தையும் கற்பிக்கிறது. வண்டலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து பெரியமேட்டுக்கு மாலை நேரத்தில் வந்து சேர்வதற்குள் முதல் பாதி முடிந்துவிடும். மாமல்லபுரத்துப் பிள்ளைக்கு அது இன்னும் தொலைவு.

வெள்ளமோ வேறு நிகழ்ச்சியோ நேரு அரங்கத்தை எடுத்துக்கொள்ளும்போது, புணேக்கோ கோவாவுக்கோ போகாமல் ஒரு மணி நேரப் பயணத்தில் ஆட்டத்தை மாற்றிக்கொள்ள இந்தப் பகுதியில் ஒரு மாற்று மைதானம் வேண்டும். ஒளிபரப்புக்கு ஏற்ற விளக்குகள், சில ஆயிரம் இருக்கைகள், ஏரி வழியும் பாதையில் இல்லாத மேட்டு நிலம். கடைசி நிபந்தனையைத்தான் முதலில் எழுத வேண்டும்; தாழ்வான இடத்தில் கட்டிவிட்டு மழையைக் குறைசொல்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. அத்துடன், பருவத்தின் முதல் பாதியில் வெளியூர் ஆட்டங்களையும், தை பிறந்த பிறகு சொந்த ஊர் ஆட்டங்களையும் கூடுதலாக ஒதுக்குமாறு சென்னை அணியும் மாநிலக் கால்பந்துச் சங்கமும் அட்டவணை அச்சாவதற்கு முன்பே எழுத்துமூலம் கேட்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை.