ஊர்ச் சொத்தும் ஒருவர் உழைப்பும்

சென்ற வாரம் எதிர்வீட்டுப் பையன் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினான். டாக்டர் உ. வே. சாமிநாதையரைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்காக எழுதியது, எட்டுப் பக்கம். நடை வெகு கம்பீரமாயிருந்தது. இராமல் என்ன செய்யும்? பாதிக்கு மேல் ஐயரவர்களே எழுதிய 'என் சரித்திர'த்திலிருந்து அப்படியே எடுத்தது!

"இது உன் எழுத்தா, தம்பி?" என்றேன்.

"எல்லாம் ஊருக்கே தெரிந்த விஷயந்தானே, மாமா!" என்றான்.

அவன் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. ஐயரவர்கள் 1855-ல் பிறந்தார், சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்தார் என்பவை எத்தனையோ நூல்களில் காணும் செய்திகள். இவற்றைச் சொல்ல யாரிடமும் உத்தரவு பெற வேண்டியதில்லை. பழமொழிக்கும் பட்டா கிடையாது. இவையெல்லாம் ஊர்ப் பொதுக் கிணறு. யாரும் மொண்டு குடிக்கலாம்.

ஆனால், செய்தி பொதுவானால் அதைச் சொன்ன வாக்கியமும் பொதுவாகிவிடுமா? 1880-ல் சேலம் இராமசுவாமி முதலியாரின் சந்திப்பே ஐயரவர்களைச் சிந்தாமணியின்பால் திருப்பியது என்று எவரும் எழுதலாம். அதை ஐயரவர்களின் வார்த்தைகளிலேயே எழுதினால், அவை அவருடையவை என்று சொல்லியாக வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சொற்களை மாற்றித் தப்பலாம் என்பதும் பிசகு. கொம்புக்கு வர்ணம் பூசினால் களவு மாடு சொந்த மாடாகிவிடுமா? அவ்வாறே, ஒருவர் பல ஏடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்து கண்ட முடிவு அவருடைய உழைப்பு. நம் சொல்லில் சொன்னாலும் அவர் பெயரைக் கூறுவதே முறை. பொதுச் செய்தியோ அல்லவோ என்று ஐயம் தோன்றினாலும் அப்படியே செய்வது நலம்.

இராமன் கதை பாரத நாடெங்கும் அறிந்தது. எனினும் கம்பர் தம் பாயிரத்தில் வான்மீகியின் வழியைப் பின்பற்றுவதாகக் கூறுகிறார். ஐயரவர்களும் ஏடு உதவியவர்களைத் தம் முகவுரைகளில் நன்றியோடு குறித்தார். இதனால் இவர்கள் பெருமை குறைந்ததா?

மற்றொன்றும் உண்டு. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-ல் சென்னை அரசாங்கம் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. இன்று யாரும் அச்சிடலாம், பாடலாம். ஆயினும் பாரதியின் பெயரை அடித்துவிட்டுத் தம் பெயரை எழுத எவருக்கேனும் உரிமை உண்டோ? சொத்து பொதுவாகலாம், படைத்தவன் பெயர் அவனுக்கே உரியது.

பையன் கட்டுரையைத் திருத்தி எழுதினான். ஐயரவர்களின் இரண்டு வாக்கியங்களை மேற்கோள் குறியிட்டு, நூலின் பெயரையும் சேர்த்தான். எட்டுப் பக்கம் மூன்று பக்கமாயிற்று. முகம் சிறிது வாடிற்று.

"வாடாதே, தம்பி! அந்த எட்டும் இரவல், இந்த மூன்றும் உன்னுடையவை" என்றேன்.