இன்று மாத்திரை போட்டாச்சா? காலண்டரில் ஒரு கோடு போடுங்கள்!

தாய்மார்களே!

நான்காம் மாதம் தொடங்கியதும் கிராம சுகாதார செவிலியர் உங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார். நாளொன்றுக்கு ஒன்று, மொத்தம் 180 நாட்கள். முதல் வாரம் ஒழுங்காகப் போகும். பிறகு, "நேத்து போட்டேனா இல்லையா, ஞாபகமில்லையே" என்று ஆரம்பிக்கும். மெல்ல மெல்ல மாத்திரை அட்டை அலமாரியில் தூங்கப் போய்விடும்.

இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தலைவலி மாத்திரை போட்டால் சற்று நேரத்தில் குணம் தெரிகிறது. ஆனால் உடம்பில் ரத்தம் ஊறுவது கண்ணுக்குத் தெரியாது. அது வாரக்கணக்கில் நடக்கும் வேலை. பலன் தெரியாத காரியத்தில் மனசு தளர்வது இயற்கை. எனவே, "இன்றைய வேலை முடிந்தது" என்று தினமும் கண்ணால் பார்க்க ஓர் அடையாளம் வேண்டும்.

ஏன் இவ்வளவு அக்கறை?

100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்று பொருள். 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கு இக்குறை இருந்தது. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால், ரத்தம் குறைந்த தாயால் தாங்க முடியாது. உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தையும் எடை குறைந்தோ, மாதம் நிறையாமலோ பிறக்கலாம்.

என்ன செய்யலாம்?

பால் கணக்கைக் காலண்டரில் குறிக்கிறோம் அல்லவா? அதே முறைதான்.

1. மாதக் காலண்டரை மாத்திரை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

2. இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மாத்திரையை விழுங்குங்கள். விழுங்கிய பிறகே அன்றைய கட்டத்தில் ஒரு கோடு. ரத்தசோகைக்காக இரண்டு மாத்திரை சொல்லியிருந்தால் இரண்டு கோடு.

3. ஞாயிற்றுக்கிழமை தோறும் கோடுகளை எண்ணுங்கள். 180 என்றால் மலைப்பாக இருக்கும். "இந்த வாரம் ஏழும் ஆச்சு" என்றால் தெம்பு வரும்.

4. ஒருநாள் விட்டுப் போச்சா? கட்டம் காலியாகவே இருக்கட்டும். மறுநாள் சேர்த்துப் போட வேண்டாம், வழக்கம்போல் தொடருங்கள். எந்த நாள் விட்டுப் போனது என்று பாருங்கள். ஊருக்குப் போன நாள் என்றால், அடுத்த முறை அட்டையைப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

பொய்க் கோடு வேண்டாம்

செவிலியர் திட்டுவாரோ என்று பயந்து காலிக் கட்டங்களை நிரப்பாதீர்கள். ரத்தசோகை உள்ளவருக்கு ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்றால், டாக்டர் வேறு காரணம் தேட வேண்டும். பொய்க் கோடு அவரைத் திசை திருப்பிவிடும்.

சில சந்தேகங்கள்

"மலம் கறுப்பாகப் போகுதே?" அது இரும்புச்சத்தின் நிறம். பயம் வேண்டாம்.

"குழந்தை கறுப்பாப் பிறக்குமாமே?" இல்லை. குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை.

"குமட்டுது, மலச்சிக்கலா இருக்குது." நாளாக ஆகக் குறையும். தண்ணீர், கீரை, பழம் நிறையச் சேருங்கள். தாங்க முடியவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் செவிலியரிடம் சொல்லுங்கள்.

மாத்திரையோடு டீ, காப்பி, பால் கூடாது. கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் போடுங்கள். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். மாத்திரை சிறு குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. அவர்கள் விழுங்கினால் ஆபத்து.

வீட்டில் உள்ளவர்களுக்கு

கணவன்மார்களே, மாமியார்களே! "போட்டியா, இல்லையா?" என்று அதட்டுவதைவிட, ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுங்கள். கோட்டை நீங்களே போடுங்கள். அந்தக் காலண்டர் குடும்பத்துக்கே சொந்தக் கணக்காகிவிடும்.

குழந்தை பிறந்த பிறகும் 180 நாட்களுக்கு மாத்திரை உண்டு. காலண்டரைக் கழற்றிவிடாதீர்கள்!

இன்றைய மாத்திரை இன்றே! இன்றைய கோடும் இன்றே!