உரைகல்
உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கறுப்புக் கல்தான் பொற்கொல்லரின் சோதனைச்சாலை. நகையை இதில் லேசாக உரசினால் மஞ்சள் கோடு விழும். தரம் தெரிந்த பொன்னால் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார் ஆசாரி. கண்ணே தராசு என்பதால் வாக்குவாதங்களுக்கும் குறைவிருந்திருக்காது! சந்தேகம் வந்தால் கோட்டின்மேல் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு: கலப்பாக உள்ள செம்பு கரையும், தங்கம் அப்படியே நிற்கும். கல்லில் ஒட்டிய பொன்துகளையும் விடமாட்டார்கள். மெழுகால் ஒற்றியெடுத்து, சேர்ந்ததும் உருக்கிக்கொள்வார்கள்.

பொன்னின் தரத்தில் இந்த அக்கறை பழையதுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கொடையாக வந்த பொன்னின் எடையைக் கழஞ்சுக் கணக்கில் பதிந்துள்ளன. சில இடங்களில் தரத்தையும் விடவில்லை.

சுத்தத் தங்கம் மிக மென்மையானது. செம்போ வெள்ளியோ கலந்தால்தான் வளையல் நெளியாமல் இருக்கும். 22 காரட் என்பது 24-க்கு 22 பங்கு, அதாவது சுமார் 91.6 சதவீதம். நகையில் காணும் ‘916’ இதுதான்.

இந்தியாவில் 2021 ஜூன் முதல், தரத்தைக் காட்டும் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. நகை வாங்கும்போது, எழுத்தும் எண்ணும் கலந்த அதன் ஆறு இலக்க அடையாளக் குறியையும் பார்த்து வாங்குங்கள்.