மட்டையை எண்ணுங்கள்!

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. மறுபடி வைத்த நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் இன்னொரு புயல் வராது என்று யார் சொல்ல முடியும்? இந்தச் சோர்வில் உரம் வைப்பதையே நிறுத்திவிடுவோர் உண்டு. நஷ்டம் இரட்டிப்பாவது அப்போதுதான்.

காய் ஒன்றையே கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. நல்ல கன்று நடும்போதே ஆறு இலைகளும், கழுத்தில் 10 சென்டிமீட்டர் சுற்றளவும் கொண்டிருக்கும். பிறகு மட்டை கூடுகிறதா, தூர் பருக்கிறதா என்று பொங்கலுக்குப் பொங்கல் பார்த்து நோட்டில் குறித்து வரலாம். செலவு ஒரு பென்சில்தான்! காய்க்கும் மரம் மாதம் ஒரு மட்டை விடும். பாளை வருவது மட்டை இடுக்கில். ஆகவே, கூடும் ஒவ்வொரு மட்டையும் ஆதாயமே. பின்தங்கிய கன்றைக் காலத்தில் மாற்றவும் இக்கணக்கு உதவும்.

வளர்ந்த மரத்துக்குரிய உர அளவில் இரண்டாம் ஆண்டு கால் பங்கு, மூன்றாம் ஆண்டு அரை, நான்காம் ஆண்டு முக்கால் பங்கு இட வேண்டும்.

முதல் பாளை வெடித்ததும், தண்ணீர் சுமந்த வீட்டாரையும் வேலையாட்களையும் அழைத்துத் தோப்பிலேயே பொங்கலிடலாம். அந்தப் பாளையில் குரும்பை உதிர்ந்தால் கலங்க வேண்டாம். இளமரத்தில் அது சகஜம்.