ஓர் ஊசி, ஊருக்கே வேலி

மாணவர்களே, முதலாம் ஆண்டில் தாதியர் பள்ளிக்கு வந்து ஊசி போட்டது நினைவிருக்கிறதா? தட்டம்மைத் தடுப்பூசியும் அவற்றுள் ஒன்று. அது உங்களுக்காக மட்டும் போடப்பட்டதன்று.

பிறந்தவுடன் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடுவதில்லை. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் சில மாதங்கள் குழந்தையின் இரத்தத்தில் இருக்கும். அவை தடுப்பூசியைச் சரியாக வேலை செய்ய விடா. அதனால் நம் நாட்டில் 9ஆம் மாதத்தில் முதல் ஊசியும், 12ஆம் மாதத்தில் இரண்டாவதும் போடுகிறார்கள். தாய் தந்த பாதுகாப்பு குறைந்து, ஊசியும் இன்னும் போடாத இடைவெளியில் குழந்தையைக் காப்பது யார்? சுற்றியுள்ள நாம்தான்.

எப்படி? ஒரு சிறு கணக்கு. எவருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத இடத்தில், தட்டம்மை கண்ட ஒருவர் 12 முதல் 18 பேருக்கு நோயைப் பரப்பக்கூடும். அந்த 18 பேரில் 17 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால், நோய் ஒருவரை மட்டுமே தொற்றும், பரவல் பெருகாது. 17/18 என்பது ஏறத்தாழ 94 விழுக்காடு. 95 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி வேண்டும் என்று சொல்வது இதனால்தான். 40 பேர் உள்ள வகுப்பில் ஊசி போடாதவர் இருவருக்கு மேல் இருக்கக்கூடாது. இதற்குக் கூட்டு நோய் எதிர்ப்பு என்று பெயர்.

வேலியில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? 1992க்குப் பிறகு மலேசியாவில் போலியோ இல்லை. ஆனால் 2019 டிசம்பரில், சபா மாநிலத்தின் துவாரானில் 3 மாதக் குழந்தைக்குப் போலியோ உறுதியானது. சொட்டு மருந்திலுள்ள வலுக்குறைந்த வைரஸ், தடுப்பு மருந்து பெறாதவர்களிடையே நெடுங்காலம் பரவினால் உருமாறி மீண்டும் வலுப்பெறும். அங்கே பரவியது அத்தகைய வைரஸே. உடனே சுகாதார அமைச்சு சபாவில் 13 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், குடியுரிமை பாராமல், மருந்து கொடுத்தது. வைரஸ் அடையாள அட்டையைப் பார்ப்பதில்லையே! 2021இல் பரவல் முடிவுக்கு வந்தது.

பினாங்கிலும் இதே பாடம்தான். ஜார்ஜ்டவுனில் ஜாலான் பேராக் போன்ற அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் குடிமக்களின் குழந்தைகளுக்கு அட்டவணைப்படி தடுப்பூசி இலவசம். இருந்தும், நாள் சம்பளக்காரர் ஒருவர் கிளினிக்குக்குப் போனால் அன்றைய வருமானம் போகிறது. குடியுரிமை இல்லாத குடும்பங்களுக்கோ கட்டணமும் உண்டு. மருந்து கிளினிக்கில் இருந்தால் மட்டும் போதாது. கடைசிக் குழந்தையையும் அது எட்ட வேண்டும்.

வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் அவர்களின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஏதேனும் கட்டம் காலியாக இருந்தால் அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். தவணை தவறியிருந்தாலும் தாதியரிடம் கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.