சேவலின் சினமும் நம் பொறுப்பும்

நெசவாளர் வீட்டு முற்றத்திலும் விவசாயி வீட்டுக் கொல்லையிலும் நாலைந்து கோழிகளும் ஒரு சேவலும் திரிவது நாம் எங்கும் காணும் காட்சி. முட்டை விற்ற காசு இல்லத்தரசியின் கைச்செலவுக்கு உதவுகிறது. ஆனால் அச்சேவலே வீட்டார்மீது பாயத் தொடங்கினால் யாது செய்வது?

அண்மையில் நாம் சென்றிருந்த ஒரு தறிவீட்டில், ஏழு வயதுச் சிறுமியின் கண்ணுக்குச் சற்றுக் கீழே ஆறாத காயம் ஒன்றைக் கண்டோம். தாயற்ற குஞ்சாக இருந்த சேவலை அவளே மடியில் வைத்துக் கம்பு ஊட்டி வளர்த்தாளாம். "இப்படி வளர்த்தும் நன்றி கெட்டுவிட்டதே" என்று தகப்பனார் கோலை ஓங்கினார். சிறுமியோ அழுதுகொண்டே அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

அது நன்றி கெட்ட செயலன்று. ஐந்தாறு மாதப் பருவத்தில் சேவலின் உடலில் ஆண்மைச் சுரப்பு பெருகுகிறது; தன் கூட்டத்தைக் காக்கும் முனைப்பு மிகுகிறது. கையிலேயே வளர்ந்த சேவலுக்கு மனிதரிடம் அச்சமில்லை. ஆதலால் நம்மையும் மற்றொரு சேவலாகக் கொண்டு போருக்கு அழைக்கிறது. ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சுற்றி வருதல் அதன் முதல் எச்சரிக்கை. அடித்தால் போரை ஏற்றோம் என்றும், ஓடினால் தோற்றோம் என்றும் அது கொள்ளும்.

எனவே அசையாது நின்று, பின் நிதானமாக அதன் பக்கம் நடத்தல் வேண்டும். இயலுமாயின் சிறகுகளை அணைத்துப் பிடித்து, அது அடங்கும்வரை கக்கத்தில் வைத்திருக்கலாம். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துக் கோழிகள் இருத்தல் நலம். கால் முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். அடியில் வெட்டினால் குருதி பெருகும். சிறுவரை அதனருகே தனியே விடலாகாது. காயம் பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, மருத்துவரிடம் சென்று, தேவையாயின் இரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம்.

சினம் வித்திலும் வரும். போருக்கென்றே பெருக்கப்பட்ட அசில் இனம் இதற்குச் சான்று. ஆகவே மனிதரைத் தாக்கும் சேவலைக் கொண்டு குஞ்சு பொரிக்க வைத்தல் தகாது. அதன் சினத்தைக் கண்டு மகிழ்ந்து சண்டைக்கு ஏவுவதோ, 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றமாகும்.

அத்தகப்பனார் கோலைக் கீழே வைத்தார். சேவல் இப்போது கம்பிவலை அடைப்புக்குள் கோழிகளுடன் இருக்கிறது. சிறுமி வெளியே நின்று தீனி இடுகிறாள். இத்தனை செய்தும் அடங்காததைப் பிரிந்துவிடுவதே முறை. குழந்தையின் கண்ணினும் பெரிதன்று ஒரு சேவல். ஆயினும், கோலை எடுக்குமுன் அதன் இயல்பை அறிய முயல்வது வளர்ப்போராகிய நம் கடமையன்றோ?