கத்தரியை எடு... வசந்தம் வருது!

பூங்கான்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் பாஸ்? ரெண்டு சிமென்ட் பெஞ்ச், 'பூக்களைப் பறிக்காதீர்' போர்டு, விசிலோட ஒரு வாட்ச்மேன். அதையெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துட்டு நியூயார்க் வாங்க. தரையிலேர்ந்து 30 அடி உயரத்துல, பழைய சரக்கு ரயில் பாலத்து மேல, சுமார் 2.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தோட்டம். பேரு 'ஹை லைன்'.

1934-ல ரயில் ஓட ஆரம்பிச்ச பாதை இது. லாரிகள் பெருகப் பெருக ரயிலுக்கு மவுசு போச்சு. 1980-ல கடைசி ரயில், உறைய வெச்ச வான்கோழிகளை ஏத்திக்கிட்டுப் போச்சு. அப்புறம் யாரும் எட்டிப் பார்க்கலை. காத்துல வந்த விதைகள் ஜல்லிக்கு நடுவுல முளைச்சு, பாலத்து மேல ஒரு குட்டிக் காடே உருவாயிடுச்சு. 'இடிச்சுத் தள்ளுங்க'ன்னு ஒரு கோஷ்டி கிளம்ப, 1999-ல ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹேமண்ட்னு ரெண்டு பேர் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி ஹை லைன்' அமைப்பைத் தொடங்கினாங்க. ரெண்டு பேருமே ஆர்க்கிடெக்ட் கிடையாது! 2009-ல முதல் பகுதி திறந்தாச்சு.

சரி, கத்தரிக்கு வருவோம். செடிகளை வடிவமைச்ச நெதர்லாந்துக்காரர் பீட் ஔடால்ஃபுக்கு, காய்ஞ்ச செடியும் அழகுதான். அதனால இலையுதிர் காலத்துல எதையும் வெட்டுறதில்லை. பனிக்காலம் முழுக்கக் காய்ஞ்ச புல்லும் விதைத்தலைகளும் அப்படியே நிக்கும். பறவைக்கு இரை, பூச்சிக்கு வீடு. ஆனா மார்ச் வந்ததும் சிக்கல். கீழே புதுத் துளிருக்கு வெயில் வேணுமே!

அங்கதான் 'ஸ்ப்ரிங் கட்பேக்'. தோட்டக்காரர்களோட வாலண்டியர்களும் சேர்ந்து, பல வாரம் குனிஞ்சு உட்கார்ந்து, கையாலேயே பழைய தண்டுகளை வெட்டுறாங்க. ஒரு லட்சத்துக்கும் மேல செடிங்க! மெஷின் விட்டா என்னன்னு கேப்பீங்க. எனக்கும் முதல்ல அதான் தோணுச்சு (இன்ஜினீயரிங் புத்தி!). தண்டவாளத்துக்கு நடுவுலயும் செடி இருக்கு, பக்கத்துலேயே கிழங்குச் செடிகள் மூக்கை நீட்டிக்கிட்டு இருக்கு. மெஷினுக்குப் பழசு எது, புதுசு எதுன்னு தெரியாதே. ரொம்பச் சீக்கிரம் வெட்டினா பறவைக்கு நஷ்டம், லேட்டானா துளிரையே மிதிச்சுடுவோம். வெட்டினது கம்போஸ்ட்டுக்குப் போகுது.

சிவில் மக்களே, இது உங்களுக்கு. பாலம்ங்கறதால மண்ணோட ஆழம் சராசரி ஒன்றரை அடிதான். அடியிலயும் குளிர்காத்து அடிக்கறதால, தரைத் தோட்டத்தைவிட சீக்கிரம் உறைஞ்சுடும். அதைத் தாங்குற செடிக்குத்தான் அங்க அட்மிஷன்.

பூ? பனி முடியறதுக்கு முன்னாடியே விட்ச் ஹேசல் மஞ்சள் நூல் மாதிரி பூத்துடும். அப்புறம் குரோக்கஸ், டாஃபடில், ஏப்ரல்ல வெள்ளையா சர்வீஸ்பெர்ரி.

எல்லாமே பூ மட்டும் இல்லை. பூங்கா ஹிட்டானதும் சுத்துவட்டாரத்துல வாடகை எகிற, பக்கத்துலயே இருந்த ஏழைக் குடியிருப்பு மக்களுக்குப் பெருசா பலன் போய்ச் சேரலை. அவங்ககிட்ட முதல்லயே சரியா கேட்டிருக்கணும்னு ஹேமண்டே 2017-ல பேட்டியில ஒத்துக்கிட்டார். பூங்கா இலவசம்தான், ஆனா எதிர்வீட்டு வாடகை இலவசம் இல்லையே!

அங்க போற சான்ஸ் கிடைச்சா ஏப்ரல் பிற்பாதியில போங்க. ரெட்பட் மரத்தைத் தேடுங்க. இலை ஒண்ணுகூட வந்திருக்காது. மொட்டைக் கிளையிலேர்ந்தும் தடிச்ச அடிமரத்திலேர்ந்தும் நேரா பிங்க் பூ வெடிச்சுக் கிளம்பியிருக்கும்!